சுவாச இயந்திரத்தின் அபாய ஒலி: மௌனமாக்குவது தீர்வாகாது

வென்டிலேட்டர் என்று அழைக்கப்படும் செயற்கைச் சுவாச இயந்திரத்தைப் பற்றி நம் மக்கள் பரவலாக அறிந்துகொண்டது 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளின் கொவிட்-19 தொற்றுக் காலத்திலாகும். எந்த வைத்தியசாலையில் எத்தனை இயந்திரங்கள் உள்ளன என்பது அந்நாட்களில் அன்றாடச் செய்தியாக இருந்தது. புலம்பெயர்ந்த உறவுகளும், ஆலய மற்றும் பள்ளிவாசல் பரிபாலன சபைகளும், பழைய மாணவர் சங்கங்களும் வைத்தியசாலைகளுக்கு உபகரணங்களைப் பெற்றுக்கொடுப்பதில் காட்டிய ஆர்வம் போற்றுதற்குரியது. ஆயினும் இயந்திரங்களை எண்ணுவதில் காட்டிய அக்கறையை, அவை எழுப்பும் ஒலிகளுக்கு எவ்வாறு பதிலளிப்பது என்ற விடயத்தில் நாம் காட்டினோமா என்பது கேள்விக்குரியதே.

செயற்கைச் சுவாச இயந்திரம் எழுப்பும் அபாய ஒலிகளுள் அடிக்கடி கேட்பதும், அதனாலேயே அடிக்கடி அலட்சியப்படுத்தப்படுவதும் காற்றுக்கசிவு பற்றிய ஒலியாகும். பெரும்பாலான வேளைகளில் அதன் காரணம் சிறியதாகவே இருக்கும். தளர்ந்துபோன ஓர் இணைப்பு, மூடப்படாத ஒரு சிறு துவாரம், சரியாகப் பூட்டப்படாத ஒரு நீர்க்கிண்ணம் என்பன போன்றவையே அவை. ஆனால் அதே ஒலி, நோயாளியின் வாதனாளியிலிருந்து குழாய் வெளியேறிவிட்டது என்பதற்கான ஒரேயொரு அறிகுறியாகவும் இருக்கக்கூடும். இவ்விரண்டையும் காதால் வேறுபடுத்தி அறிய முடியாது. அருகில் சென்று பார்த்தே அறிய வேண்டும். இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவதும் இதனையே.

வாய்வழியாக வாதனாளிக்குள் செலுத்தப்படும் குழாய் குரல் நாண்களுக்கு இடையே செல்வதால் நோயாளியால் பேச முடியாது. பல சந்தர்ப்பங்களில் அவருக்கு மயக்க மருந்தும் கொடுக்கப்பட்டிருக்கும். மூச்சு முட்டுகிறது என்று சொல்லவோ, கையை உயர்த்தி அழைக்கவோ இயலாத அவருக்காகப் பேசுவது அந்த ஒலி மாத்திரமே. அதனை மௌனமாக்குகின்ற ஒருவர் காரணத்தையும் கண்டறியாவிடின், அவர் மௌனமாக்குவது இயந்திரத்தையல்ல, நோயாளியையே.

உட்சென்ற காற்றும் திரும்பிவந்த காற்றும்

இயல்பான சுவாசத்தின்போது பிரிமென்றகடும் நெஞ்சுத் தசைகளும் சுருங்கி நெஞ்சறையை விரிக்க, காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. செயற்கைச் சுவாச இயந்திரம் இதற்கு மாறாக, ஒட்சிசன் கலந்த காற்றை அமுக்கத்துடன் உள்ளே தள்ளுகிறது. இம்முறை பரவலாவதற்கு வழிவகுத்த நிகழ்வு 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இடம்பெற்றது. போலியோ நோய் அந்நகரில் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளர்கள் வைத்தியசாலையில் குவிந்தனர். உடலைச் சூழ்ந்து நின்று சுவாசிக்கச் செய்யும் பழைய வகை இயந்திரங்களோ மிகச் சிலவே இருந்தன. மயக்கமருந்து வைத்திய நிபுணரான பியோன் இப்சனின் ஆலோசனைப்படி நோயாளரின் கழுத்தில் துளையிட்டு, வாதனாளிக்குள் குழாய் பொருத்தி, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்திக் காற்று செலுத்தப்பட்டது. சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக இப்பணியைச் செய்தனர். மரண வீதம் பெருமளவு குறைந்தது. உலகின் முதலாவது அதிதீவிர சிகிச்சைப் பிரிவு எனப் பலராலும் கருதப்படும் பிரிவு 1953ஆம் ஆண்டில் அதே நகரில் ஆரம்பிக்கப்பட்டதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே ஆகும்.

அன்று பையை அழுத்திய கைக்கு, காற்று எங்காவது கசிந்தால் உடனே தெரிந்திருக்கும். பை வழமையிலும் இலகுவாக அமுங்கும், நெஞ்சு உயராது. இன்று கையின் இடத்தை இயந்திரம் பிடித்துள்ளது. கையின் உணர்வுக்குப் பதிலாக அமுக்கத்தையும் காற்றோட்டத்தையும் அளக்கும் உணரிகள் உள்ளன. அவை கண்டறிந்ததைச் சொல்லும் வழிதான் அபாய ஒலி.

இயந்திரத்திலிருந்து புறப்படும் காற்று ஒரு குழாய்வழியே, ஈரப்பதமூட்டும் கலத்தைக் கடந்து, ஆங்கில 'வை' எழுத்தின் வடிவிலான இணைப்பை அடைந்து, அங்கிருந்து நோயாளியின் வாதனாளிக் குழாயினூடாக நுரையீரலுக்குச் செல்கிறது. வெளிமூச்சு மற்றொரு குழாய்வழியே இயந்திரத்துக்குத் திரும்புகிறது. சென்ற காற்றின் கனவளவையும் திரும்பிய காற்றின் கனவளவையும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் 450 மில்லிலீற்றர் காற்று உட்சென்று 300 மில்லிலீற்றர் மாத்திரம் திரும்பினால், இடைவழியில் 150 மில்லிலீற்றர், அதாவது மூன்றில் ஒரு பங்கு, இழக்கப்பட்டுள்ளது. நிமிடத்துக்கு 14 மூச்சுகள் எனக் கொண்டால், 6.3 லீற்றர் அனுப்பப்பட்டு 4.2 லீற்றர் மாத்திரமே திரும்புகிறது. கசிவு நோயாளிக்கு முன்னதாகவே நிகழ்ந்தால், அவர் பெறவேண்டிய காற்றை அவர் பெறவில்லை என்பதே இதன் பொருளாகும்.

இழக்கப்படுவது காற்று மாத்திரமன்று. வெளிமூச்சின் முடிவிலும் நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிச் சுருங்காதிருப்பதற்காக, இயந்திரம் ஒரு சிறு அமுக்கத்தை எப்போதும் பேணுகிறது. 5 சென்ரிமீற்றர் நீர் அமுக்கம் என்பது அதற்கான வழமையான தொடக்க அளவாகும். பெரிய கசிவு ஏற்படும்போது இவ்வமுக்கம் வீழ்ச்சியடைகிறது. நோயுற்ற நுரையீரலாயின் சிற்றறைகள் சுருங்கி, குருதியில் ஒட்சிசனின் அளவு விரைவாகக் குறைந்துவிடும். இணைப்பை மீண்டும் பொருத்திய பின்னரும் அது உடனடியாகப் பழைய நிலைக்குத் திரும்பாதிருக்கலாம்.

பல பெயர்களில் வரும் ஒரே கசிவு

கசிவு எப்போதும் 'கசிவு' என்ற பெயரிலேயே திரையில் தோன்றுவதில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். வெளிமூச்சுக் கனவளவு குறைவு, நிமிடக் காற்றளவு குறைவு, அமுக்கம் குறைவு, குழாய் கழன்றுள்ளது என்றெல்லாம் வெவ்வேறு செய்திகளாக அது வரலாம்.

இவற்றுள் விந்தையானது, சுவாச வேகம் அதிகம் என்ற எச்சரிக்கையாகும். நோயாளி தாமாக மூச்செடுக்க முயல்வதை, குழாயிலுள்ள காற்றோட்டத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கொண்டே இயந்திரம் அறிகிறது. கசிவினாலும் அதே மாற்றம் ஏற்படுவதால், நோயாளி மூச்செடுக்கிறார் என இயந்திரம் தவறாகக் கணித்து, தேவையற்ற மூச்சுகளை அடுத்தடுத்துக் கொடுக்கத் தொடங்குகிறது. நோயாளி பதற்றமடைந்துள்ளார் என்று கருதி மயக்க மருந்தைக் கூட்டுவது இச்சந்தர்ப்பத்தில் பிழையான சிகிச்சையாகிவிடும். அதேபோன்று, நோயாளியின் முயற்சிக்குத் துணைபுரியும் முறையில் இயங்கும்போது, காற்றோட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும் உள்மூச்சை இயந்திரம் நிறுத்திக்கொள்ளும். கசிவு உள்ளபோது காற்றோட்டம் குறையாமல் தொடர்வதால் உள்மூச்சு நீண்டுகொண்டே போகும். நோயாளி வெளிவிட முயல, இயந்திரம் உட்செலுத்திக்கொண்டிருக்கும்.

நவீன இயந்திரங்கள் பல, கசிந்த அளவைக் கணித்து அதனை ஈடுசெய்யும் ஆற்றல் கொண்டவை. இது நல்ல வசதியே. ஆயினும் இயந்திரம் ஈடுசெய்துகொண்டிருக்கும் வரை கசிவு வெளியே தெரியாது. ஈடுசெய்யும் எல்லை கடந்த பின்னரே ஒலி எழும். ஆகவே ஒலிக்காத வேளையிலும் உட்சென்ற அளவையும் திரும்பிய அளவையும் திரையில் வாசித்துப் பதிவுசெய்வது அவசியமாகின்றது.

முதலில் நோயாளி, பின்னரே இயந்திரம்

அபாய ஒலி எழுந்தவுடன் எவருடைய கண்ணும் இயல்பாக இயந்திரத்தின் திரைக்கே செல்லும். அங்கு சிவப்பு நிறத்தில் எழுத்துகள் மின்னிக்கொண்டிருக்கும். ஆனால் அதிதீவிர சிகிச்சையின் அடிப்படை விதி இதற்கு நேர்மாறானது. முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும். நெஞ்சின் இரு பக்கங்களும் சமமாக உயர்ந்து தாழ்கின்றனவா, உதடும் நகமும் நீலம்பாரிக்கின்றனவா, ஒட்சிசன் செறிவும் இதயத்துடிப்பும் எவ்வாறுள்ளன, வாயிலிருந்து குமிழிச் சத்தம் கேட்கிறதா என்பன சில விநாடிகளில் அறியக்கூடியவை. குழாய் பொருத்தப்பட்டுள்ள நோயாளியின் முனகலோ குரலோ கேட்கிறதெனில் மகிழ்வதற்கு இடமில்லை. குரல் நாண்களைக் கடந்து காற்று மேலே வருகிறது என்பதே அதன் அர்த்தம். குழாயின் முனைக்கருகிலுள்ள பலூன் காற்றிழந்திருக்கலாம், அல்லது குழாயே மேலே நழுவியிருக்கலாம்.

நோயாளியின் நிலை மோசமடைவதாகக் காணப்பட்டால் கசிவைத் தேடிக்கொண்டு நிற்கலாகாது. உதவிக்கு ஆட்களை அழைத்துக்கொண்டே, இயந்திரத்தின் இணைப்பைக் கழற்றி, கட்டிலருகே ஆயத்தமாக இருக்கவேண்டிய கைப்பையினால் ஒட்சிசனைச் செலுத்த வேண்டும். இது சிகிச்சையாக அமைவதோடு பரிசோதனையாகவும் அமைகிறது. கைப்பையினால் காற்று செலுத்தும்போது நெஞ்சு நன்கு உயர்ந்து நோயாளியும் தேறினால், குறைபாடு இயந்திரத்திலோ அதன் குழாய்களிலோ உள்ளது. அப்போதும் நெஞ்சு உயராவிடின், அல்லது காற்று வாய்வழியே வெளியேறினால், குறைபாடு வாதனாளிக் குழாயிலோ நோயாளியின் உடலிலோ உள்ளது. கொப்பன்ஹேகனில் மாணவர்களின் கைகளில் இருந்த அதே எளிய பை, இத்தனை ஆண்டுகளின் பின்னரும் மிக நம்பகமான சோதனைக் கருவியாக விளங்குகிறது.

வெளிமூச்சிலுள்ள காபனீரொட்சைட்டின் அலைவடிவத்தைக் காட்டும் கருவி இருக்குமாயின் அதன் சாட்சியம் மிகப் பெறுமதியானது. அலை திடீரென மறைந்துவிட்டால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, குழாய் வாதனாளியில் இல்லை என்றே கருத வேண்டும். சுவாசப்பாதைச் சிக்கல்கள் பற்றிப் பிரித்தானியாவில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிகழ்ந்த இவ்வகை மரணங்களுள் 70 வீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு இக்கருவி பயன்படுத்தப்படாமை பங்களித்திருக்கலாம் எனச் சுட்டிக்காட்டியது.

நோயாளியிலிருந்து இயந்திரம் வரை

நோயாளி பாதுகாப்பாக உள்ளார் என உறுதிசெய்த பின்னரே கசிவைத் தேடும் பணி ஆரம்பிக்க வேண்டும். அதுவும் நோயாளியின் வாயிலிருந்து தொடங்கி இயந்திரத்தை நோக்கி ஒழுங்காகச் செல்ல வேண்டும். அங்குமிங்கும் தாவித் தேடுபவர் ஒரே இடத்தை மூன்று முறை பார்த்து, பார்க்கவேண்டிய இடத்தைத் தவறவிடுவார்.

முதலாவது, குழாயின் ஆழம். குழாயில் சென்ரிமீற்றர் அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். வளர்ந்தவர்களில் பற்களின் மட்டத்தில் பெண்களுக்குச் சுமார் 21, ஆண்களுக்குச் சுமார் 23 என்பது பொதுவான நிலையாகும். முன்னர் பதிவுசெய்யப்பட்ட அளவோடு இப்போதைய அளவை ஒப்பிட்டால் குழாய் நழுவியுள்ளதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, குழாயின் கீழ்முனையிலுள்ள பலூன். வாதனாளியின் சுவரோடு பொருந்தி நின்று காற்று மேலேறாமலும், வாயிலுள்ள உமிழ்நீர் கீழிறங்காமலும் தடுப்பது இதுவே. இதன் அமுக்கம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர் அமுக்கத்துக்கு இடையில் இருக்க வேண்டும். 20க்குக் குறைந்தால் காற்றுக் கசிவதோடு கிருமிகள் நிறைந்த சுரப்புகளும் நுரையீரலை அடையும். 30ஐ மிஞ்சினால் வாதனாளிச் சுவருக்கான குருதியோட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகலாம். வெளியே தொங்கும் சிறு பலூனை விரல்களால் அழுத்திப் பார்த்து இதனை மதிப்பிடும் வழக்கம் நம்பத்தகுந்ததல்ல. அதற்கென உள்ள அமுக்கமானியினாலேயே அளக்க வேண்டும்.

ஒலி எழும்போதெல்லாம் பலூனுக்குள் மேலும் காற்றை ஏற்றுவது பலரும் கையாளும் குறுக்குவழியாகும். அமுக்கம் திரும்பத் திரும்பக் குறைகிறதெனில் பலூனோ அதன் வால்வோ பழுதடைந்துள்ளது என்றும், குழாயை மாற்றவேண்டிய தருணம் வந்துவிட்டது என்றும் கொள்ள வேண்டும். குழாய் ஏற்கெனவே மேலே நழுவி, பலூன் குரல் நாண்களின் மட்டத்தில் நிற்குமாயின், ஏற்றப்படும் காற்று குழாயை மேலும் வெளியே தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. குழாயை மாற்றுவது அனுபவமுள்ள வைத்தியரால், தகுந்த ஆயத்தங்களோடு செய்யப்பட வேண்டிய காரியமாகும்.

உணவுக்காக மூக்குவழியே இடப்படும் குழாய், தவறுதலாக வாதனாளிக்குள் சென்றிருந்தாலும் பலூனின் ஓரமாகக் கசிவு ஏற்படும். புதிதாக அக்குழாய் இடப்பட்ட பின்னர் கசிவு தொடங்கியிருப்பின், அதனை உறுதிசெய்யாமல் உணவு செலுத்துவது பேராபத்தாகும்.

மூன்றாவது, இணைப்புகள். வாதனாளிக் குழாயின் இணைப்பு 15 மில்லிமீற்றர் விட்டமும், இயந்திரக் குழாய்களின் இணைப்புகள் 22 மில்லிமீற்றர் விட்டமும் கொண்டவையாக உலகெங்கும் ஒரே தரத்தில் தயாரிக்கப்படுகின்றன. அவை திருகப்படுவதில்லை, கூம்பு வடிவிலான பகுதிகளை ஒன்றினுள் ஒன்று அழுத்திப் பொருத்துவதே வழக்கம். ஆதலால் நோயாளியைப் புரட்டும்போதும் இடம் மாற்றும்போதும் அவை தளர்வது இயல்பே. வடிகட்டி, சளி உறிஞ்சும் குழாய் நுழையும் வாயில், காபனீரொட்சைட்டு அளவிடும் துவாரத்தின் மூடி, நெபுலைசர் பொருத்தும் இடம், வெப்பமானி செருகப்படும் துவாரம், ஈரப்பதமூட்டும் கலம், குழாய்களில் தேங்கும் நீரைச் சேகரிக்கும் கிண்ணம் என ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள தாதியர் இங்கு கையாளும் ஒரு நல்ல வழி உண்டு. ஒலி தொடங்குவதற்குச் சற்று முன்னர் என்ன செய்யப்பட்டது என்று கேட்பதே அது. சளி உறிஞ்சப்பட்டதா, நெபுலைசர் கொடுக்கப்பட்டதா, கிண்ணத்திலிருந்த நீர் ஊற்றப்பட்டதா? கடைசியாகக் கைபட்ட இடத்திலேயே கசிவு இருப்பதற்கான சாத்தியம் அதிகம்.

நான்காவதாகவே இயந்திரத்தின் உட்பகுதிக்கு வர வேண்டும். சுத்திகரிப்பின் பின்னர் வெளிமூச்சு வால்வின் மென்தகடு சரியாக அமராவிட்டால் காற்று கசியும். காற்றோட்டத்தை அளக்கும் உணரியில் நீரோ சளியோ படிந்தால், கசிவே இல்லாதபோதும் கசிவு இருப்பதாக அது பிழையாகக் காட்டும். நோயாளிக்குப் பொருத்துவதற்கு முன்னர் ஒவ்வொரு முறையும் கசிவுச் சோதனை செய்யப்பட்டிருந்தால் இவற்றுட் பல முன்கூட்டியே அகப்பட்டிருக்கும். காரணம் புலப்படாவிடின், நோயாளியை வேறு இயந்திரத்துக்கு மாற்றிவிட்டுப் பழுதானதைப் பொறியியல் பிரிவிடம் ஒப்படைப்பதே முறையாகும்.

இவை யாவும் சரியாக இருந்தும் காற்று குறைவாகத் திரும்புமாயின், கசிவு நோயாளியின் நுரையீரலிலேயே இருக்கலாம். நெஞ்சறையில் வடிகுழாய் இடப்பட்டுள்ள நோயாளியில், நீரடைப்புப் போத்தலில் ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழிகள் எழுமாயின், நுரையீரலின் கிழிவினூடாகக் காற்று வெளியேறுகிறது என அறியலாம். ஒலியை நிறுத்தும் நோக்கில் அவ்வடிகுழாயைக் கவ்வியிட்டு மூடுவது ஒருபோதும் செய்யத்தகாதது. வெளியேற வழியற்ற காற்று நெஞ்சறையில் தேங்கி, இதயத்தையும் நுரையீரலையும் அமுக்கி உயிரைப் பறித்துவிடும்.

எண்கள் கூறும் உண்மை

ஒலியை அலட்சியம் செய்வதன் விளைவு என்ன என்பதற்கு அமெரிக்க அனுபவம் சான்றாக உள்ளது. அங்கு வைத்தியசாலைகளின் தரத்தை மதிப்பிட்டு அங்கீகாரம் வழங்கும் ஜொயின்ட் கமிஷன் என்னும் அமைப்பு, நீண்டகாலச் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளர் தொடர்பான 23 சம்பவங்களை 2002ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டது. அவற்றுள் 19 மரணத்திலும் 4 ஆழ்ந்த மயக்கநிலையிலும் முடிந்திருந்தன. 65 வீதமானவை அபாய ஒலியின் செயலிழப்பு, தவறான பயன்பாடு அல்லது போதாமையுடனும், 52 வீதமானவை குழாய் கழன்றமையுடனும் தொடர்புபட்டிருந்தன. ஒரே சம்பவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்திருந்தன என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. குழாய் கழன்றது, ஒலியும் உரியவரை எட்டவில்லை.

அதே அமைப்பு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவித்தலின்படி, மருத்துவக் கருவிகளின் அபாய ஒலிகளோடு தொடர்புடைய 98 சம்பவங்கள் 2009 ஜனவரிக்கும் 2012 ஜூனுக்கும் இடையில் அறிக்கையிடப்பட்டிருந்தன. அவற்றுள் 80 மரணங்களாகும். வைத்தியசாலைகளில் எழும் ஒலிகளுள் 85 முதல் 99 வீதமானவை எந்தச் சிகிச்சை நடவடிக்கையும் தேவைப்படாதவை என்ற மதிப்பீட்டையும் அவ்வறிவித்தல் எடுத்துக்காட்டியது.

இதன் பொருள் தாதியர் அசிரத்தையானவர்கள் என்பதல்ல. இடையறாது பொய்யாக ஒலிக்கும் மணிக்கு மனித மனம் நாளடைவில் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஒருவர் பல கட்டில்களைக் கவனிக்க வேண்டிய இரவுக் கடமையில், ஒலியைத் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தான் ஒன்றே கைக்கு எட்டும் நிவாரணமாகத் தோன்றக்கூடும். பல இயந்திரங்களில் அது 2 நிமிடங்களுக்கு ஒலியை நிறுத்துகிறது. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது சிந்தனை சிதறாதிருப்பதற்கே அந்த 2 நிமிடங்கள் வழங்கப்பட்டுள்ளன. ஒலி வராமலிருப்பதற்காக எச்சரிக்கை எல்லைகளையே அகலமாக்கி வைப்பது அதனிலும் ஆபத்தானது. ஒவ்வொரு நோயாளியினதும் உடல்நிலைக்கேற்ப எல்லைகளை அமைத்து, கடமை மாறும் ஒவ்வொரு வேளையிலும் அவற்றைச் சரிபார்ப்பதே பொய்யொலிகளைக் குறைத்து மெய்யொலியைக் காப்பாற்றும் வழியாகும்.

முகமூடி வழியான சுவாசம்

வாதனாளிக் குழாயின்றி, முகமூடி வழியாகக் காற்று செலுத்தும் பைபாப் போன்ற கருவிகளை இன்று சிலர் வீடுகளிலும் பயன்படுத்துகின்றனர். இவர்களும் இவர்களது குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டிய முக்கிய விடயம் ஒன்றுண்டு. ஒற்றைக் குழாய் கொண்ட இக்கருவிகளின் முகமூடியிலோ குழாயிலோ உள்ள சிறு துவாரங்கள் வேண்டுமென்றே அமைக்கப்பட்டவையாகும். வெளிமூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறுவது அவற்றின் வழியாகவே. காற்று கசிகிறதே என்றெண்ணி அவற்றைப் பிளாஸ்டரால் ஒட்டி மூடுவோர், தாம் நேசிப்பவரைத் தம் கையாலேயே மூச்சுத்திணறச் செய்கின்றனர்.

தடுக்கப்பட வேண்டியது முகமூடியின் விளிம்பில் ஏற்படும் கசிவே. அதற்காகப் பட்டிகளை இறுக்கிக்கொண்டே போவதும் தவறு. மூக்கின் மேற்பகுதியில் புண் உண்டாகுமேயன்றிக் கசிவு நிற்காது. முகத்தின் அளவுக்குப் பொருத்தமான முகமூடியைத் தெரிவுசெய்வதே தீர்வாகும். செயற்கைப் பற்கள் அணிபவர்கள் அவற்றைக் கழற்றினால் கன்னம் ஒட்டிக் கசிவு கூடலாம். தாடியும் கசிவுக்கு ஒரு காரணமாகலாம். மார்க்க அனுஷ்டானத்துக்காகத் தாடி வைத்திருப்போர் அதனை மழிக்க வேண்டும் என்று உடனே முடிவுசெய்துவிட வேண்டியதில்லை. மூக்கை மாத்திரம் மூடுவன, மூக்குத்துவாரங்களில் பொருந்துவன எனப் பல வகை முகமூடிகள் இருப்பதால், வைத்தியருடன் கலந்துரையாடித் தமக்கேற்றதைத் தெரிவுசெய்ய முயலலாம். கருவி ஒலிக்கும்போது நோயாளி மயங்குவதாகவோ மூச்சுத்திணறுவதாகவோ தோன்றினால் தாமதியாது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் சேவையை நாட வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

கட்டிலருகே நிற்கும் தாதியின் விழிப்புணர்வில் மாத்திரம் இவ்விடயம் தங்கியிருக்கவில்லை. பலூனின் அமுக்கத்தை அளக்கும் சிறு கருவி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இல்லாவிடின் விரலாலேயே அளக்க நேரிடும். புதிய குழாய்த் தொகுதிகள் கிடைக்காதபோது, ஒருமுறை மாத்திரம் பாவிக்க வேண்டியவற்றைக் கழுவி மீண்டும் பாவிக்கும் நிலை தோன்றும். வெடிப்புகளும் தளர்வுகளும் அதனைத் தொடரும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளுக்கும் மருத்துவ உபகரணங்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை எமது மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனைத் தொடர்ந்து வைத்தியர்களும் தாதியரும் பெருமளவில் நாட்டை விட்டு வெளியேறியமையும் அறிந்ததே. அனுபவமுள்ள ஒருவர் வெளியேறும்போது, எந்த ஒலி எதைக் குறிக்கிறது என்ற அறிவும் அவரோடு சேர்ந்து வெளியேறுகிறது. புதிதாக வருபவருக்கு அதனை முறையாகக் கற்பிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு வைத்தியசாலையிலும் இருத்தல் வேண்டும்.

நன்கொடை வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவ உபகரண நன்கொடைகள் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், பெறுபவரின் உண்மையான தேவையை அறிந்து, பயிற்சி, உதிரிப்பாகங்கள், பராமரிப்பு என்பவற்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என அறிவுறுத்துகிறது. ஒரு வகை இயந்திரத்தின் உணரியும் வால்வும் வேறு வகைக்குப் பொருந்துவதில்லை. ஒரே பிரிவில் பல வகை இயந்திரங்கள் சேர்ந்துவிட்டால், ஒவ்வொன்றினதும் ஒலியையும் திரையையும் தாதியர் தனித்தனியே பழக வேண்டியுள்ளது. ஆதலால் இன்னுமொரு புதிய இயந்திரத்தை வாங்கிக் கொடுப்பதைக் காட்டிலும், ஏற்கெனவே உள்ள இயந்திரங்களுக்கு வேண்டிய குழாய்த் தொகுதிகளையும் உணரிகளையும் அமுக்கமானிகளையும் கேட்டறிந்து வழங்குவது சில வேளைகளில் பெரும் உதவியாக அமையும். பெயர்ப்பலகை வைப்பதற்கு அவற்றில் இடமில்லாதிருக்கலாம். ஆனால் உயிர் காப்பதில் அவற்றின் பங்கு சிறிதல்ல.

மொழி பற்றியும் குறிப்பிடாதிருக்க முடியாது. இயந்திரங்களின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. மேலே கூறப்பட்ட ஒழுங்கை, அதாவது நோயாளி, கைப்பை, குழாயின் ஆழம், பலூன், இணைப்புகள், இயந்திரம் என்ற வரிசையை, ஒரு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் தொங்கவிடுவதற்குப் பெருஞ்செலவு ஏற்படப்போவதில்லை.

நோயாளியைப் பார்வையிட அனுமதிக்கப்படும் உறவினர்களுக்கும் கடமை உண்டு. ஒலி எழுந்தால் எந்தப் பொத்தானையும் தொடலாகாது. கழன்ற குழாயைத் தாமாகப் பொருத்த முயலவும் கூடாது. உடனடியாகத் தாதியரை அழைத்து, தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். வாயில் குமிழிச் சத்தம், திடீரெனக் கேட்ட குரல், குழாயின் இழுபாடு என்பன போன்ற தகவல்கள் பெறுமதியானவை. மொழி தெரியாது என்ற தயக்கம் இவ்விடத்தில் வேண்டியதில்லை. விரலால் சுட்டிக்காட்டினாலே போதும். அவ்வாறு சொல்லப்படுவதை இடையூறாகக் கருதாமல் செவிமடுப்பது வைத்தியசாலை ஊழியர்களின் பண்பாக இருக்க வேண்டும்.

காற்றுக்கசிவு ஒலிக்கான பரிகாரம் பெரும்பாலும் ஓர் இணைப்பை அழுத்திப் பொருத்துவதோடு முடிந்துவிடுகிறது. அந்த ஓர் இணைப்பைத் தேடிச் செல்வதற்கு ஒருவர் இருக்கிறாரா, அவருக்கு எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று கற்பிக்கப்பட்டுள்ளதா, பழுதானதை மாற்றுவதற்கு இன்னொன்று களஞ்சியத்தில் உள்ளதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று பதிலளிக்கக்கூடிய நிலையில் எமது அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஒவ்வொன்றும் இருப்பதை உறுதிப்படுத்த வேண்டியது சுகாதாரத்துறைக்குப் பொறுப்பானவர்களின் கடமையாகும். பேச முடியாதிருக்கும் நோயாளியின் சார்பில் அதனை நாம் வலியுறுத்துகின்றோம்.